உலகின் மிகப் பரபரப்பான விமான நிலையம் எது? எதை எண்ணி முடிவு செய்கிறார்கள்?

முகிலன் எழுதியது:

வருடா வருடம் பட்டியல் வருகிறது. ஒன்றில் அட்லாண்டா முதலிடம், இன்னொன்றில் துபாய், மூன்றாவதில் ஹாங்காங். எல்லாவற்றுக்கும் தலைப்பு மட்டும் "உலகின் மிகப் பரபரப்பான விமான நிலையம்" என்றே இருக்கிறது. எனக்கு இரண்டு கேள்விகள். முதலில், எதை எண்ணுகிறார்கள்? அப்புறம், ஒரு மணி நேரத்துக்கு இத்தனை விமானம்தான் என்று யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? துறையில் இருப்பவர்கள் இருந்தால் சொல்லுங்கள். யூடியூபில் பார்த்ததை இங்கே கொண்டுவந்து ஒட்ட வேண்டாம், அதை நானும் பார்த்தாயிற்று.

கணக்குப்புலி எழுதியது:

முதல் கேள்விக்கு நான் வருகிறேன். நீங்கள் சொன்ன மூன்றும் மூன்று தனித்தனிப் போட்டிகள். அட்லாண்டா மொத்தப் பயணிகளில் முதலிடம். 1998 முதல் 2020 ஒன்றைத் தவிர எல்லா வருடமும் அதுதான். (கொரோனா வருடமான 2020இல் சீனாவின் குவாங்சோ முந்திக்கொண்டது.) துபாய் வெளிநாட்டுப் பயணிகளில் முதலிடம். ஹாங்காங் சரக்கில்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பயணிகள் எண்ணிக்கை என்றால் தலைகளின் எண்ணிக்கை இல்லை. ஒருவர் அட்லாண்டாவில் இறங்கி, வேறு விமானம் ஏறிப் போனால் இறங்கியதற்கு ஒன்று, ஏறியதற்கு ஒன்று என்று இரண்டாகக் கணக்கில் வருவார். அட்லாண்டாவில் மாறிச் செல்பவர்கள் ஏராளம். 2024இல் சொன்ன 10.8 கோடி என்பது 10.8 கோடி மனிதர்கள் இல்லை. அதே விமானத்தில் உட்கார்ந்தபடியே தொடர்ந்து போகிறவரை ஒருமுறைதான் எண்ணுவார்கள்.

சரக்கிலும் இதே கதை. அலாஸ்காவின் ஆங்கரேஜ் சரக்குப் பட்டியலில் மேலே நிற்கும். ஆசியாவிலிருந்து அமெரிக்கா போகும் சரக்கு விமானங்கள் எரிபொருள் நிரப்ப அங்கே இறங்குகின்றன. விமானத்தை விட்டே இறங்காத சரக்கும் அதன் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்காரர்களுக்கு இவை எதுவும் பொருட்டில்லை. அவர்கள் எண்ணுவது மூவ்மென்ட். ஒரு தரையிறக்கம் ஒன்று, ஒரு புறப்பாடு ஒன்று. 2024 கணக்கைப் பாருங்கள்: அட்லாண்டா சுமார் 7.96 லட்சம், சிகாகோ ஓஹேர் சுமார் 7.76 லட்சம், துபாய் சுமார் 4.4 லட்சம். துபாயில் அந்த வருடம் 9.23 கோடிப் பயணிகள். வகுத்துப் பார்த்தால் ஒரு மூவ்மென்டுக்குத் துபாயில் சுமார் 210 பேர், அட்லாண்டாவில் 136 பேர். பயணிகளில் இரண்டும் அருகருகே நிற்க, ஓடுபாதைக் கணக்கில் துபாய் பாதியை விடக் கொஞ்சம்தான் அதிகம்.

சிறகன் எழுதியது:

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரிசோனாவில் ஃபீனிக்ஸ் டீர் வேலி என்று ஒரு விமான நிலையம். பயணச்சீட்டு வாங்கிப் போகும் விமானம் எதுவும் அங்கே இல்லை. பெரும்பாலும் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்பவர்கள்தான். ஆனால் ஆண்டுக்கு 4 லட்சம் மூவ்மென்டைத் தாண்டிய வருடங்கள் உண்டு. காரணம், டச் அண்ட் கோ. தொட்டவுடன் மறுபடி எழும்பினால் தரையிறக்கம் ஒன்று, புறப்பாடு ஒன்று, ஆக இரண்டு. ஒரே மாணவர் ஒரு மணி நேரத்தில் பத்துச் சுற்று வந்தால் இருபது!

முகிலன் எழுதியது:

அப்படியானால் செஸ்னா மாதிரிச் சின்ன விமானங்கள் வட்டமடிப்பதும் ஏ380 மாதிரி ராட்சத விமானம் இறங்குவதும் ஒரே எண்ணா? இதென்ன கணக்கு.

ரேடார்வாசி எழுதியது:

அப்ரோச் ரேடாரில் (இறங்க வரும் விமானங்களை வரிசைப்படுத்தும் இடம்) பல காலம் உட்கார்ந்து எழுந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஆண்டுக் கணக்கு நிர்வாகத்துக்கும் பத்திரிகைக்கும். எங்களுக்குத் தேவை அடுத்த ஒரு மணி நேரம். இன்னும் சரியாகச் சொன்னால், அடுத்த பதினைந்து நிமிடம். காலை 7 மணிக்கு ஓடுபாதை தாங்கக்கூடியது எவ்வளவு, வரப்போவது எவ்வளவு, அவ்வளவுதான். நள்ளிரவில் காலியாகக் கிடக்கும் ஓடுபாதையும் ஆண்டு சராசரியில் சேர்ந்து காலை நெரிசலை மறைத்துவிடும்.

முகிலன் கேட்ட இரண்டாவது கேள்விக்கு விடை தரையில்தான் தொடங்குகிறது. ஓர் ஓடுபாதையில் ஒரு நேரத்தில் ஒரு விமானம். முன்னால் இறங்கியது வெளியேறாமல் அடுத்தது இறங்கக் கூடாது. (நீளமான ஓடுபாதையில் சில நிபந்தனைகளோடு விதிவிலக்கு உண்டு, அதை விடுவோம்.) இறங்கிய விமானம் வெளியேற ஏறத்தாழ 50 வினாடி ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். செங்குத்தாகத் திரும்ப வேண்டிய டாக்ஸிவே (ஓடுபாதையோடு சேரும் இணைப்பு வழி) என்றால் நன்றாக வேகத்தைக் குறைத்தாக வேண்டும். சாய்வாகப் பிரிந்து போகும் வேகமான வெளிவழி இருந்தால் சீக்கிரம் போய்விடும். விமானி அந்த வெளிவழியைத் தவறவிட்டு அடுத்ததற்கு உருண்டு போனால், பின்னால் இரண்டு மைலில் வருகிறவரை நான் கோ-அரவுண்ட் (இறங்காமல் மறுபடி ஏறிச் சுற்றி வருவது) போகச் சொல்ல வேண்டியதுதான். ஒருவர் பத்து வினாடி சோம்பினால் இன்னொருவர் இன்னொரு முழுச் சுற்று வர வேண்டும்.

ஆனால் நிஜமாகவே கைகளைக் கட்டிப்போடுவது ஓடுபாதை இல்லை, வேக் டர்புலன்ஸ். இறக்கை நுனிகளிலிருந்து பின்னால் சுழன்று வரும் காற்று. பெரிய விமானத்தின் சுழலில் சிறியது மாட்டினால் புரட்டிவிடும். அதனால்தான் எடை வகைகள். 7 டன் வரை லைட், அதற்கு மேல் 136 டன்னுக்குள் மீடியம், 136 டன்னும் அதற்கு மேலும் ஹெவி. ஏ380க்கு மட்டும் சூப்பர் என்று தனி இடம். முகிலன், செஸ்னாவும் ஏ380உம் பட்டியலில்தான் ஒரே எண். ரேடார் திரையில் இல்லை.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். பழைய, எளிய விதியையே எடுத்துக்கொள்வோம். ஹெவிக்குப் பின்னால் மீடியம் என்றால் 5 கடல்மைல், ஹெவிக்குப் பின்னால் ஹெவி என்றால் 4, மற்றபடி ரேடார் இடைவெளி 3. என்னிடம் இரண்டு ஹெவி, இரண்டு மீடியம் வருகின்றன.

ஹெவி, மீடியம், ஹெவி, மீடியம் என்று வரிசைப்படுத்தினால் 5 + 3 + 5 = 13 மைல்.
மீடியம், மீடியம், ஹெவி, ஹெவி என்று வைத்தால் 3 + 3 + 4 = 10 மைல்.

அதே நான்கு விமானங்கள், அதே ஓடுபாதை. 3 மைல் மிச்சம். 140 நாட் (மணிக்கு 140 கடல்மைல்) வேகத்தில் அது 77 வினாடி, அதாவது இன்னொரு விமானம் இறங்கும் இடம். இதைத்தான் நாள் முழுக்கச் செய்கிறோம். "ஏன் எங்களுக்கு முன்னால் அவரை விட்டீர்கள்?" என்று கேட்கும் விமானிக்கு இதை ரேடியோவில் விளக்க நேரம் இருக்காது.

கணக்குப்புலி எழுதியது:

அருமை ஐயா. அப்படியானால் துபாய் மாதிரி ஹெவியும் சூப்பரும் நிறைய வரும் இடத்தில் மூவ்மென்ட் எண்ணிக்கை குறைவாகத் தெரிவதே இயல்புதான். அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு "வேலை குறைவு" என்று சொல்ல முடியாது.

ரேடார்வாசி எழுதியது:

சொல்லவே கூடாது. ஆண்டுக்கு 4 லட்சம் என்ற ஒரே எண்ணுக்குப் பின்னால் முற்றிலும் வேறு இரண்டு வேலைகள் இருக்கலாம்.

தென்றல் எழுதியது:

இடையில் நுழைகிறேன். காற்றைப் பற்றி யாரும் பேசவில்லையே? நல்ல எதிர்க்காற்று அடிக்கும் நாளில் தாமதம் கூடுவதைப் பார்த்திருக்கிறேன். எதிர்க்காற்று இருந்தால் இறங்குவது இன்னும் எளிதுதானே?

ரேடார்வாசி எழுதியது:

இறங்குவது எளிதுதான். வரிசைதான் நீளும். இடைவெளியை மைலில் வைத்திருக்கிறோம், ஆனால் ஓடுபாதைக்கு வேண்டியது நேரம். 4 மைல் இடைவெளி, தரைவேகம் 140 நாட் என்றால் 103 வினாடிக்கு ஒன்று, மணிக்கு 35. அதே 4 மைல், எதிரில் 40 நாட் காற்று என்றால் தரைவேகம் 100ஆகிவிடும். 144 வினாடிக்கு ஒன்று, மணிக்கு 25. கால அட்டவணை மட்டும் 35க்குப் போட்டபடியே இருக்கும். பத்து விமானங்கள் எங்கே போகும்? வானத்தில் வட்டமடிக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால் பலத்த காற்று அந்தச் சுழலைச் சீக்கிரம் கலைத்துவிடும். அப்படி இருக்க மைல் கணக்கைப் பிடித்துக்கொண்டு தொங்குவானேன் என்று கேட்டு, லண்டன் ஹீத்ரோவில் 2015இல் நேர அடிப்படையிலான இடைவெளியைக் கொண்டுவந்தார்கள். காற்றுக்கேற்ப மைல் சுருங்கும், வினாடி மாறாது. என்னைக் கேட்டால் இந்தத் துறையில் புதிய ஓடுபாதை கட்டாமலே செய்த நல்ல காரியங்களில் இது முதல் வரிசை.

வேகநரி எழுதியது:

இவ்வளவு நுணுக்கம் எதற்கு? இன்னும் இரண்டு ஓடுபாதை போட்டுவிட்டால் தீர்ந்தது. அட்லாண்டாவில் ஐந்து இருக்கிறதே.

சிறகன் எழுதியது:

எத்தனை என்பதை விட எப்படிப் போடுகிறோம் என்பதுதான் கேள்வி, வேகநரி. மும்பையில் இரண்டு இருக்கிறது, ஆனால் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன. நடைமுறையில் ஒற்றை ஓடுபாதை நிலையம் மாதிரிதான் ஓடுகிறது, உச்ச நேரத்தில் மணிக்கு 46. லண்டன் கேட்விக் ஒரே ஓடுபாதையில் மணிக்கு 55 வரை போகும். ஓர் இறக்கம், ஒரு புறப்பாடு, ஓர் இறக்கம் என்று மாற்றி மாற்றி. இறங்கியது விலகிய அடுத்த நொடி புறப்படும் விமானம் ஓடுபாதையில் ஏறி நிற்க வேண்டும், அடுத்து வருகிறவர் அதற்குள் நெருங்கியிருப்பார். அந்த நேரத்தில் டவரில் யாரும் தும்மக்கூட மாட்டார்கள்.

சான்பிரான்சிஸ்கோ இன்னொரு கதை. இணை ஓடுபாதைகளுக்கு நடுவே 750 அடிதான். நெடுங்காலமாக அங்கே வானம் தெளிவாக இருந்தால் இரண்டு விமானங்கள் பக்கத்தில் பக்கத்தில், ஒன்றையொன்று கண்ணால் பார்த்தபடி இறங்கின, மணிக்கு 60 வரை. காலையில் கடலிலிருந்து தாழ்மேகம் வந்து மூடியதும் ஒருவர் மற்றவரைப் பார்க்க முடியவில்லை, எண்ணிக்கை ஏறக்குறைய 30க்கு இறங்கியது. ஓடுபாதை நான்கும் அங்கேயேதான் இருந்தன, திறன் மட்டும் பாதி.

சிகாகோ ஓஹேர் இதைச் சரிசெய்யத்தான் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிக்கொண்டிருந்த ஓடுபாதைகளைப் பல வருடங்கள் செலவழித்து இணைகளாக மாற்றிப் போட்டது. அட்லாண்டாவின் பலமும் ஐந்து என்பதில் இல்லை, ஐந்தும் இணையாக ஓடுவதில்.

வேகநரி எழுதியது:

சரி, இடம் இருக்கிறவர்கள் அப்படிப் போடலாம். இல்லாதவர்கள்?

கணக்குப்புலி எழுதியது:

இல்லாதவர்கள் ஸ்லாட் வைக்கிறார்கள். தேவைக்குத் திறன் போதாத நிலையங்களை மூன்றாம் நிலை என்று வகைப்படுத்தி, அங்கே இறங்கவும் புறப்படவும் முன்கூட்டியே நேர அனுமதி வாங்க வேண்டும் என்று விதி. ஒரு பருவத்தில் கிடைத்த ஸ்லாட்டுகளில் 80 சதவீதம் பயன்படுத்தினால்தான் அடுத்த வருடமும் அது அதே நிறுவனத்துக்கு. ஹீத்ரோவில் ஆண்டுக்கு 4.8 லட்சம் என்று உச்சவரம்பே உண்டு. அங்கே புது ஸ்லாட் என்பது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

கவனிக்க: இந்த ஸ்லாட் அட்டவணை போடுவதற்கு. அந்த நாளில் டவர் தரும் நேரம் வேறு. இரண்டையும் ஸ்லாட் என்றே சொல்வதால் செய்திகளில் எப்போதும் குழப்புவார்கள்.

அப்புறம் திறனுக்கு மிக அருகில் அட்டவணை போடுவதில் உள்ள ஆபத்து. மணிக்கு 40 இறங்க முடிகிற இடத்தில் 30 வந்தால் காத்திருப்பு பெரிதாக இருக்காது. 36 வந்தால் ஓரளவு. 39 வந்தால் வரிசை கலையவே கலையாது, ஏனென்றால் ஒருவர் இரண்டு நிமிடம் பிசகினாலும் அதை ஈடுகட்ட இடைவெளி இல்லை. 30லிருந்து 31க்குப் போவதும் 38லிருந்து 39க்குப் போவதும் தாளில் ஒன்றுதான். தாமதத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

தென்றல் எழுதியது:

இதுவரை ரொம்ப நாளாக மனதில் இருந்த ஒன்று. விமானத்தில் ஏறி உட்கார்ந்தாயிற்று, கதவும் மூடியாயிற்று, வெளியே நல்ல வெயில். கேப்டன் "டிராஃபிக் காரணமாக 40 நிமிடம் காத்திருக்கிறோம்" என்கிறார். ஜன்னலில் பார்த்தால் ஓடுபாதை காலி. யார் யாரை ஏமாற்றுகிறார்கள்?

ரேடார்வாசி எழுதியது:

யாரும் ஏமாற்றவில்லையம்மா. நெரிசல் நீங்கள் இருக்கும் இடத்தில் இல்லை, போகும் இடத்தில். அங்கே மேகம் இறங்கி மணிக்கு 60 என்பது 30 ஆகியிருக்கும். உங்களை இப்போது கிளப்பினால் அங்கே போய் 40 நிமிடம் எரிபொருளை எரித்துக்கொண்டு வட்டமடிப்பீர்கள். அதே 40 நிமிடத்தைத் தரையில் கழித்தால் எரிபொருளும் மிச்சம், வானத்தில் இருக்கும் என் நண்பருக்குத் தலைவலியும் மிச்சம்.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் வாரன்டனில் இதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது. நாடு முழுவதையும் பார்த்து, இந்த நிலையத்துக்குப் போகிறவர்கள் இன்னின்ன நேரத்தில்தான் புறப்பட வேண்டும் என்று பங்கிட்டுக் கொடுக்கும். ஐரோப்பாவுக்கு யூரோகன்ட்ரோல். அவர்கள் கொடுக்கும் புறப்பாட்டு நேரத்துக்கு 5 நிமிடம் முன்னும் 10 நிமிடம் பின்னும் அனுமதி, மொத்தம் 15 நிமிட ஜன்னல். ஒரு பயணி வராமல் போய், அவர் பெட்டியைத் தேடி இறக்கப் பன்னிரண்டு நிமிடம் ஆனால் அந்த ஜன்னல் மூடிவிடும், மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். கேப்டன் ஏன் கதவை மூடிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருக்கிறார் என்றால் இதற்குத்தான். முன்னால் யாராவது தவறவிட்டால் உடனே "நாங்கள் ரெடி" என்று சொல்லலாம்.

வேகநரி எழுதியது:

இத்தனை கணினி வந்தும் இன்னும் ஒருவர் பேச, இன்னொருவர் திருப்பிச் சொல்ல என்றுதான் வேலை நடக்கிறது. இதுதான் எனக்குப் புரியவில்லை.

ரேடார்வாசி எழுதியது:

இது நல்ல கேள்வி. பரபரப்பை அளக்க என்னிடம் ஒரே ஒரு கருவி தருவதாக இருந்தால் ரேடியோ அலைவரிசையைத்தான் கேட்பேன். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். கட்டளை, விமானி திருப்பிச் சொல்வது, சரியா என்று நான் கேட்டுக்கொள்வது. ஒவ்வொன்றும் சில வினாடிதான், ஆனால் பதினைந்து விமானங்கள் ஒரே அலைவரிசையில் இருந்தால் இடையில் மூச்சுவிட இடமில்லை. அப்போது வான்பகுதியை இரண்டாகப் பிரித்து, பக்கத்தில் இன்னொரு கன்ட்ரோலரை உட்காரவைத்து, அவருக்கு வேறு அலைவரிசை கொடுப்போம். கடல் மேலும் உயரத்திலும் எழுத்துச் செய்தி அனுப்பும் வசதி வந்துவிட்டது. இறங்கப் போகிறவரிடம் "இப்போதே இடப்பக்கம் திரும்பு" என்பதை எழுத்தில் அனுப்பிவிட்டு அவர் படிக்கும்வரை காத்திருக்க முடியாது.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் என்ன ஆகும் என்பதற்கு 1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனரிஃப் தீவு விபத்து. பக்கத்துத் தீவு விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் பெரிய விமானங்களெல்லாம் இந்தச் சின்ன நிலையத்துக்குத் திருப்பிவிடப்பட்டன. டாக்ஸிவேயில் நிறுத்தி அடைத்துவிட்டதால் புறப்படும் விமானங்கள் ஓடுபாதையிலேயே உருண்டு போக வேண்டியிருந்தது. மேலே மூடுபனி. டவர் "புறப்படாமல் காத்திருங்கள்" என்று சொன்னதும், எதிரே ஓடுபாதையில் இருந்த விமானம் "நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான்" என்று சொன்னதும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, புறப்பட ஓடத் தொடங்கியிருந்த விமானிக்குக் கீச்சொலிதான் போய்ச் சேர்ந்தது. இரண்டு 747 விமானங்கள் மோதி, 583 உயிர்கள். ஆண்டுப் பட்டியல் எதிலும் மேலே வராத நிலையம். அந்த ஒரு பிற்பகலில் அதன் தாங்கும் அளவை மீறிவிட்டது, அவ்வளவுதான்.

2024 ஜனவரி 2 டோக்கியோ ஹனேடாவும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தரையிறங்கிய ஏ350, ஓடுபாதையில் நின்றிருந்த கடலோரக் காவல்படை விமானத்தின் மேல் மோதியது. ஏ350இல் இருந்த 379 பேரும் தப்பினார்கள். சிறிய விமானத்தில் ஆறு பேரில் ஐவர் இறந்தார்கள். அந்தச் சிறிய விமானத்துக்கு "முதலாவது" என்று புறப்பாட்டு வரிசை எண் சொல்லியிருந்தார்கள், ஓடுபாதையில் ஏற அனுமதி தரவில்லை. பிறகு ஜப்பானில் அப்படி வரிசை எண் சொல்வதை நிறுத்திவைத்தார்கள். நெரிசலில் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னாலும் சிக்கல், குறைத்தாலும் சிக்கல்.

சிறகன் எழுதியது:

கனமாகிவிட்டது, கொஞ்சம் இலகுவாக்குகிறேன். மேலே ஐயா சொன்ன எதுவுமே பொருந்தாத ஓர் இடம் உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஆஷ்காஷ். ஜூலை மாதம் நடக்கும் விமானத் திருவிழாவின்போது அந்தச் சின்ன டவர்தான் உலகிலேயே அதிக வேலை பார்க்கும் டவர். 2023இல் 11 நாட்களில் 21,883 மூவ்மென்ட், டவர் திறந்திருந்த நேரத்தில் மணிக்குச் சராசரி 148!

எப்படிச் சமாளிக்கிறார்கள் தெரியுமா? விமானிகளைப் பேசவே விடுவதில்லை. பெரும்பாலானவர்கள் ரிப்பன் என்ற ஊரிலிருந்து ரயில் பாதைக்கு மேலே ஒருவர் பின் ஒருவராக வர வேண்டும். 90 நாட் வேகம், 1,800 அடி உயரம், அரை மைல் இடைவெளி. ஃபிஸ்க் என்ற இடத்தில் தரையில் நிற்கும் கன்ட்ரோலர்கள் நிமிர்ந்து பார்த்து, "சிவப்பு நிற உயர இறக்கை விமானமே, இறக்கையை ஆட்டு" என்பார்கள். விமானி பதில் சொல்லாமல் இறக்கையை ஆட்டுவார். ஓடுபாதையில் வண்ணப் புள்ளிகள் வரைந்திருக்கும். ஒருவர் பச்சைப் புள்ளியில், இன்னொருவர் ஆரஞ்சில் என்று ஒரே ஓடுபாதையில் அடுத்தடுத்து இறங்குவார்கள். கன்ட்ரோலர்கள் இளஞ்சிவப்புச் சட்டையில் இருப்பார்கள்.

முகிலன் எழுதியது:

இறக்கை ஆட்டுவது அட்டகாசம். அப்படியென்றால் அதை முதலிடத்தில் போட வேண்டியதுதானே?

ரேடார்வாசி எழுதியது:

அந்த வாரத்துக்குப் போடலாம், தாராளமாக. அவை பெரும்பாலும் சிறு விமானங்கள், வேகம் ஒன்று, பகல் நேரம், தெளிவான வானம். சுழல் பிரச்சினை அதிகம் இல்லை, கண்ணால் பார்த்துப் பறக்கிறார்கள், விதியும் அந்த வாரத்துக்கென்று தனி. அங்கே பணிக்குப் போக எங்கள் ஆட்களிடையே போட்டி. பணி கிடைத்தவர்கள் அந்தச் சட்டையைப் பத்திரமாக வைத்திருப்பார்கள்.

முகிலன் எழுதியது:

கடைசியாக ஒன்று. விமானங்களை நேரலையில் காட்டும் செயலி கைபேசியில் இருக்கிறது. அதை வைத்து ஒரு நிலையம் திணறுகிறதா இல்லையா என்று நானே கண்டுபிடிக்க முடியுமா?

ரேடார்வாசி எழுதியது:

முடியும். திரையில் எத்தனை விமானம் என்று எண்ணாதீர்கள், அது ஒன்றும் சொல்லாது. இறங்கும் வரிசையில் அடுத்தடுத்த இரண்டு விமானங்கள் தரையைத் தொடும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றரை நிமிடம், ஒன்றரை நிமிடம் என்று சீராகப் போனால் ஓடுபாதை நிரம்பி ஓடுகிறது. திடீரென்று நான்கு நிமிட ஓட்டை விழுந்தால் மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும்: கூட்டம் இல்லை, நடுவில் புறப்பாட்டுக்கு இடம் விட்டிருக்கிறார்கள், அல்லது யாரோ கோ-அரவுண்ட் போயிருக்கிறார். கோ-அரவுண்ட் என்றால் ஓடுபாதைக்கு மேலே போய் மறுபடி ஏறும் கோடு தெரியும்.

அப்புறம் நிலையத்திலிருந்து தள்ளி, ஓட்டப்பந்தயத் தடம் மாதிரி நீள்வட்டங்கள் தெரிகின்றனவா பாருங்கள். அதுதான் ஹோல்டிங். ஒரே இடத்தில் நான்கைந்து விமானம் இருந்தாலும் பயப்பட வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஆயிரம் அடி உயர வித்தியாசம் இருக்கும். கீழே இருக்கிறவரை எடுத்ததும் மற்றவர்கள் ஒவ்வொரு படியாக இறங்குவார்கள். ஹீத்ரோவுக்கு இப்படி நான்கு இடங்கள் உண்டு: போவிங்டன், லாம்போர்ன், பிகின், ஆக்கம். நான்கிலும் வட்டம் தெரிந்தால் அங்கே காற்றோ மூடுபனியோ வேலையைக் காட்டுகிறது. எதுவும் தெரியாமல், ஆனால் மற்ற ஊர்களில் அங்கே போக வேண்டிய விமானங்கள் கிளம்பாமல் நின்றால், ஓட்ட மேலாண்மை ஆட்கள் (மேலே சொன்ன, புறப்பாட்டு நேரத்தைப் பங்கிடுகிறவர்கள்) தங்கள் வேலையைச் சரியாகச் செய்கிறார்கள்.

ஹீத்ரோவைப் பார்ப்பதாக இருந்தால் அந்த ஊர் நேரம் பிற்பகல் 3 மணிக்குக் கொஞ்சம் முன்னால் திறந்து வையுங்கள். இரண்டு ஓடுபாதையில் ஒன்றில் இறங்கி மற்றதில் புறப்படுவார்கள், மேற்கிலிருந்து காற்று வீசும் நாட்களில் 3 மணிக்கு மாற்றிக்கொள்வார்கள், சுற்றியிருக்கும் மக்களுக்கு அரை நாளாவது சத்தம் குறையட்டும் என்று. வரிசை ஒரு கோட்டிலிருந்து இன்னொரு கோட்டுக்கு நகர்வதை நேரடியாகவே பார்க்கலாம்.